கோடரி ஓசை கேட்கும் கவிதைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இலக்கியப் பக்கத்தில் போர்க் கவிதைகளைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பழந்தமிழ்ப் போர்ப்பாடல்களின் வீரச்சுவையையும் சொல்வளத்தையும் அக்கட்டுரை நன்றாகவே எடுத்துக்காட்டியிருக்கிறது. ஆயினும், போர்ப்பாடல்களில் இயற்கை பின்புலமாகவும் உவமைப்பொருளாகவும் மட்டுமே வருகிறது என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதிச் சென்றிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் புறநானூறு கற்பித்தவன் நான். அந்தப் பாடல்களில் மரமும் வயலும் குளமும் போருக்குப் பின்னால் வரைந்து வைத்த திரையாக நிற்கவில்லை என்பதையும், போர் முதலில் பாய்வதே அவற்றின் மீதுதான் என்பதையும் எடுத்துச் சொல்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

புறநானூற்றின் 36ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே இருக்கும் அரசன் வெளியே வந்து போரிடாமல் கோட்டைக்குள் அடைந்து கிடக்கிறான். ஆலத்தூர் கிழார் சோழனிடம், இப்படிப்பட்டவனோடு முரசு முழங்கப் போரிடுவது உனக்கு நாணத்தக்கது என்கிறார். பாடலின் வெளிப்படையான கருத்து இவ்வளவே. ஆனால் படித்து முடித்தபின் காதில் நிற்பது இந்த அறிவுரை அன்று; கோடரியின் ஓசை. சிறுமியர் பொற்கழங்கு ஆடும் பொருநை ஆற்றின் வெண்மணல் சிதைகிறது. கொல்லன் அரத்தால் கூர்தீட்டிய நீண்ட பிடியுடைய கோடரி பாய்கிறது. "வீகமழ் நெடுஞ்சினை புலம்பக் காவுதொறும் கடிமரம் தடியும் ஓசை" கோட்டை மதிலைக் கடந்து அரண்மனைக்குள் சென்று ஒலிக்கிறது. பூ மணக்கும் நெடுங்கிளைகள் 'புலம்ப' என்கிறார் புலவர். புலம்பு என்ற சொல்லுக்குத் தனிமை என்றும் பொருள் உண்டு, வருத்தம் என்றும் பொருள் உண்டு. தரையில் வீழ்ந்து கிடக்கும் பூங்கிளைக்கு அவ்விரண்டு பொருளும் பொருந்துகின்றன. ஒரு வீரன்கூட இன்னும் சாகாத நிலையில், ஒரு வாள்கூட மோதாத நிலையில், சாவு மரங்களிடமிருந்து தொடங்கிவிட்டதை இந்தப் பாடல் நமக்குக் கேட்கச் செய்கிறது.

கடிமரம் என்பது ஒரு மன்னனின் குடிக்கு அடையாளமாகக் காவலிட்டுப் பேணப்பட்ட மரம். அதை வெட்டுவது அவனுடைய ஆட்சியை வேரோடு சாய்ப்பதற்கு ஒப்பாகக் கருதப்பட்டது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலிடைப் பகைவரின் கடம்ப மரத்தை அறுத்து, அதைக்கொண்டே வெற்றிமுரசு செய்ததைப் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்து போற்றிப் பாடுகிறது. நேற்றுவரை நிழல் தந்து நின்ற மரம் இன்று தன்னை நட்டுக் காத்தவர்களின் தோல்வியைத் தானே முழங்குகிறது. புலவர் இதைப் பெருமையாகத்தான் பாடினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பெருமைக்குள்ளேயே இந்தக் கொடுமையும் பதிவாகியிருக்கிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இதற்கு நேர்மாறான குரலும் அதே தொகையில் இருக்கிறது. 57ஆம் பாடலில் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார், பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனிடம் ஒன்றை வேண்டுகிறார். பிறர் நாட்டை நீ கொள்ளும்போது, கதிர் சாய்ந்த வயல்களை உன் வீரர்கள் கவர்ந்தால் கவரட்டும். "நனந்தலைப் பேரூர் எரியும் நக்க". உன் வேல் பகைவரைக் கொன்றாலும் கொல்லட்டும். ஆனால் எவ்வகையிலும் "கடிமரம் தடிதல் ஓம்பு" என்கிறார். அவை உன் உயர்ந்த யானைகளைக் கட்டும் தறியாக நிற்க ஆற்றா என்று ஒரு காரணமும் சொல்கிறார்.

பல ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாடலை நடத்தி முடித்தபோது பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, ஊர் எரிந்தால் எரியட்டும், ஆள் செத்தால் சாகட்டும், மரத்தை மட்டும் விட்டுவிடு என்கிறாரே, மனிதரைவிட மரம் பெரிதா?" என்று கேட்டாள். கடிமரத்தின் அரசியல் பொருளை உரையில் உள்ளபடி விளக்கிவிட்டு நான் அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன். அந்த விடை அவளுக்குப் போதவில்லை என்பதை அவள் முகமே சொல்லிற்று. எனக்கும் அது போதவில்லை. ஆண்டுக்கணக்காக அந்தக் கேள்வியோடு இருந்திருக்கிறேன்.

இன்று எனக்குத் தோன்றுவது இது. புலவர் பேசுவது போரை நிறுத்தப்போகும் ஒருவனிடம் அன்று. போர் நடந்தே தீரும், வயல் கவரப்படும், ஊர் எரியும் என்று அறிந்த ஒருவர், எதைக் கேட்டால் கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்துக் கேட்கிறார். கவர்ந்த வயலில் அடுத்த மழைக்கு மீண்டும் விதைக்கலாம். எரிந்த கூரையை மீண்டும் வேயலாம். தலைமுறை தலைமுறையாக நின்ற மரத்தை மட்டும் எந்த வெற்றியாளனும் தன் வாழ்நாளில் திருப்பித் தர முடியாது. அதனால்தான் யானைத் தறியைக் காரணம் காட்டி, அரசனின் பெருமிதத்தைத் தொட்டு, அந்த ஒன்றையாவது காப்பாற்றப் பார்க்கிறார். இவ்வளவு சொன்ன பிறகும் அந்த மாணவியின் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. கொல்லப்பட்டவர்களும் திரும்பி வருவதில்லை. அவர்களுக்காகப் புலவர் அங்கே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது என்ற முடிவு தீ தின்னட்டும், வேல் கொல்லட்டும் என்னும் அந்த 'நக்க', 'செகுக்க' என்ற சொற்களின் அடியில் கிடக்கிறது. அதுதான் இந்தப் பாடலின் மிகத் துயரமான பகுதி என்று இப்போது படிக்கிறேன்.

நாட்டை அழிப்பது அன்றைய போரில் தற்செயலாக நேர்ந்த கேடும் அன்று. பகைவர் நாட்டின்மீது படையெடுப்பதைப் பாடும் வஞ்சித்திணைக்குத் தொல்காப்பியம் துறை, அதாவது உட்பிரிவு, வகுக்கும்போது 'எரிபரந்து எடுத்தல்' என்று பகைவர் நாட்டில் தீ வைப்பதைத் தனித் துறையாகவே குறிக்கிறது. 15ஆம் பாடலில் முதுகுடுமிப் பெருவழுதி, தேரோடிக் குழிந்த தெருக்களில் கழுதைகளைப் பூட்டி உழுது பகைவர் கோட்டையைப் பாழாக்குகிறான். பறவைகள் ஒலிக்கும் விளைவயல்களில் தேரை ஓட்டுகிறான். காவலுள்ள குளங்களில் யானைகளை இறக்குகிறான். 16ஆம் பாடலில் வீட்டு மரங்கள் விறகாகின்றன. ஊரில் இட்ட தீ, மறையும் ஞாயிற்றின் செவ்வானம் போலத் தெரிகிறது. கரும்பைத் தவிர வேறு காடு அறியாத குளிர்ந்த மருதநிலம் பாழாகிறது. விளைநிலமும் குடிநீரும் வீடும்தான் இலக்கு. ஒரு நாட்டுக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று அறிந்து, அங்கே கைவைக்கிறார்கள். இதைப் பாடிய புலவர்கள் பரிசில் பெற்றவர்கள். வென்றவனைப் புகழ்வது அவர்கள் தொழில். அப்படியிருந்தும் எது அழிந்தது என்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பட்டியலிடாமல் அவர்களால் வெற்றியைப் பாட முடியவில்லை.

கொற்றவள்ளை என்ற துறையையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். வேந்தன் புகழைக் கூறி, அதே மூச்சில் பகைவர் நாட்டின் அழிவுக்கு இரங்குவது அத்துறை. 4ஆம் பாடலில் பரணர், சோழன் இளஞ்சேட்சென்னியின் வாளையும் வீரர் கழலையும் யானையையும் அடுக்கடுக்காகப் புகழ்ந்து வந்து, முடிவில் அவன் பகைத்தவர்களின் நாடு "தாயில் தூவாக் குழவி போல ஓவாது கூஉம்" என்று நிறுத்துகிறார். தாயில்லாத, பாலுண்ணாத குழந்தையைப் போல ஒரு நாடு முழுவதும் ஓயாமல் அழுதுகொண்டிருக்கிறது. அவ்வளவு நேரம் முழங்கிய புகழ்மொழிகள் அனைத்தும் அந்த ஒற்றை அழுகைக்கு முன் ஓய்ந்துவிடுகின்றன. பகைவனின் நாட்டுக்காக இரங்குவதை ஓர் இலக்கணம் துறையாக வகுத்து வைத்திருக்கிறது என்பதைப் பள்ளிப் பாடங்களில் நாம் ஏன் சொல்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

குழந்தை அங்கே உவமையாக வந்தது. 44ஆம் பாடலில் கண்முன்னே வருகிறது. ஆவூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் நெடுங்கிள்ளியிடம் கோவூர் கிழார், யானைகள் உணவின்றித் துதிக்கை நிலத்தில் புரள வருந்துவதையும், பாலில்லாமல் குழந்தைகள் அலறுவதையும், பெண்கள் பூவில்லாத வெறுந்தலையை முடிப்பதையும், வேலைப்பாடு மிக்க நல்ல வீடுகளில் நீரில்லாமல் எழும் கூக்குரலையும் சொல்லி, அறமுடையவன் என்றால் கதவைத் திற, மறமுடையவன் என்றால் போர் செய் என்கிறார். முற்றுகை என்ற சொல்லை நாளிதழ்களில் நாம் அடிக்கடி படிக்கிறோம். அச்சொல்லுக்குப் பொருள், ஒருத்தி தலை சீவி முடிக்கும்போது சூட ஒரு பூவும் இல்லாமற் போவதும்தான் என்று எழுதுவதற்கு ஒரு கவிஞர் வேண்டியிருக்கிறது. பூ சிறிய இழப்பு. ஆனால் வெளியே உள்ள தோட்டமும் உள்ளே உள்ள வாழ்வும் ஒரே நேரத்தில் அறுபட்டதை அந்தச் சிறிய இழப்பைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை.

பாரியின் பறம்பைப் பற்றி எழுதாமல் இக்கடிதத்தை முடிக்க முடியாது. மூவேந்தர் முற்றுகையிட்ட காலத்தில் கபிலர், உழவர் உழாமலே அம்மலையில் விளையும் நான்கு பொருள்களைச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். மலையே தன் மக்களுக்குச் சோறிடுகிறது. ஆகவே முற்றுகையால் அதை வெல்ல முடியாது என்று 109ஆம் பாடல் அறைகூவுகிறது. பாரி வீழ்ந்த பின் அவன் மகளிர் பாடிய "அற்றைத் திங்கள்" பாடலை அறியாத தமிழ் வாசகர் இல்லை. அதனால் அதை விட்டுவிட்டு, அதிகம் பேசப்படாத 118ஆம் பாடலுக்கு வருகிறேன். அதில் பிணம் இல்லை, குருதி இல்லை, எரியும் ஊர் இல்லை. பாறையும் சிறுகுன்றும் இணைந்த இடத்தில், எட்டாம் நாள் பிறையைப் போல வளைந்த கரையுடைய, தெளிந்த நீர் நிறைந்த ஒரு சிறுகுளம் உடைந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான். எந்த யானையும் அதை மிதிக்கவில்லை, எவனும் வெட்டிவிடவில்லை. கரையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் உடைகிறது. ஒரு குளம் இயற்கைப் பொருளா, மனிதர் செய்த பொருளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மழை தந்த நீரும் மனிதர் இட்ட மண்ணும் சேர்ந்தால்தான் அது குளம். போர் அந்த இரண்டையும் இணைத்திருந்த கையை அகற்றிவிடுகிறது. அதன்பின் நீர் தானாகவே வெளியேறிவிடுகிறது. போர் முடிந்த பிறகும் போர் அழித்துக்கொண்டே இருக்கிறது என்பதை இதைவிடக் குறைந்த சொற்களில் சொன்ன பாடலை நான் அறியேன்.

பிற மொழிகளிலும் இந்தத் தடம் தெளிவாகத் தெரிகிறது. சீனத்தில் 755இல் மூண்ட ஆன் லூஷான் கிளர்ச்சியின்போது, பகைவர் பிடியில் இருந்த தலைநகரில் இருந்துகொண்டு 757இல் து ஃபூ எழுதிய வசந்தகாலக் கவிதை, நாடு சிதைந்தது, மலையும் ஆறும் எஞ்சின; நகரில் வசந்தம், புல்லும் மரமும் அடர்ந்தன என்று தொடங்குகிறது. முதலில் படிக்கும்போது ஆறுதல் போலத் தோன்றும். சற்று நின்று பார்த்தால், தெருவில் புல் அடர்வது நடக்க ஆளில்லாததால்தான் என்று புரியும். நம் புறநானூற்றின் 23ஆம் பாடலிலும் இதே காட்சி இருக்கிறது: தலையாலங்கானத்தில் வென்ற நெடுஞ்செழியனைப் பாடும் கல்லாடனார், ஆளற்ற வழியில் பூளைச்செடி மண்டிக்கிடக்க, துணையை இழந்த பெண்மான் ஒன்று தன் குட்டியை அணைத்துக்கொண்டு வேளைச்செடியின் வெண்பூவைத் தின்பதைக் காட்டி முடிக்கிறார். மனிதக் கைம்பெண்களைப் பற்றி அவர் அங்கே எதுவும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

ஆனால் பூவைக் காட்டும் எல்லாப் போர்க் கவிதையும் போரை எதிர்ப்பதில்லை. முதல் உலகப் போரில் கனடிய இராணுவ மருத்துவரான ஜான் மெக்ரே 1915இல் பெல்ஜியப் போர்முனையில் எழுதிய பாடலில் கல்லறைகளுக்கிடையே செந்நிறப் பாப்பிப் பூக்கள் அசைகின்றன. கிளறப்பட்ட மண்ணில் நன்கு முளைக்கும் செடி அது; குண்டுகள் உழுத நிலத்தில் அது அவ்வளவு செழித்ததே நடந்த அழிவுக்குச் சான்று. அப்பாடலோ, எங்கள் பகையை நீங்கள் ஏற்று நடத்துங்கள் என்று உயிருள்ளோரைப் போருக்கு அழைத்து முடிகிறது; போருக்குப் பணம் திரட்டவும் அது பயன்பட்டது. பூவையும் படையில் சேர்க்க முடியும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. அதே போரில் இருந்த வில்ஃபிரட் ஓவன், ஓர் இளவேனில் தாக்குதலைப் பற்றி எழுதிய கவிதையில், முன்னேறும் வீரர்களைச் சிறு முட்செடிகள் துயருற்ற கைகளைப் போலப் பற்றிக்கொண்டு விட மறுப்பதாக எழுதினார். அங்கே செடி மனிதரைச் சாவிலிருந்து இழுத்துப் பிடிக்கிறது. ஓவன் 1918 நவம்பர் 4 அன்று, போர்நிறுத்தத்துக்கு ஒரு வாரம் முன்னர், 25 வயதில் கொல்லப்பட்டார். இந்த இரு கவிதைகளில் எது இயற்கையை உண்மையாகப் பார்த்தது என்று கேட்டால், தயக்கமின்றி இரண்டாவதைச் சொல்வேன்.

மலையும் ஆறும் எஞ்சின என்று து ஃபூ எழுதியதை இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர் அவ்வளவு உறுதியாக எழுத முடியவில்லை. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் நீரும் மழையும்கூட நஞ்சாயின. அந்த நாளில் அந்நகரில் இருந்து உயிர் தப்பிய தோகே சங்கிச்சி, தந்தையைத் திருப்பிக் கொடு, தாயைத் திருப்பிக் கொடு என்று தொடங்கி, என்னையே எனக்குத் திருப்பிக் கொடு என்று கேட்கும் கவிதையை எழுதினார். இழந்தவற்றின் பட்டியலில் தானும் சேர்ந்துவிட்ட ஒருவரின் குரல் அது. வியட்நாமில் 1961 முதல் 1971 வரை அமெரிக்கப் படை 7 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட களைக்கொல்லிகளைக் காடுகள் மீதும் பயிர்கள் மீதும் தெளித்தது. காடு பகைவருக்கு மறைவிடம் என்பதே காரணம். கடிமரம் தடிந்த கோடரி விமானம் ஏறிவிட்டது. அது வெட்டியது மரத்தோடு நிற்காமல் பிறக்காத குழந்தைகள் வரை சென்றது. இயற்கைச் சூழலுக்குப் பரவலான, நீண்டகால, கடுமையான கேடு விளைக்கும் போர்முறைகளைத் தடைசெய்யும் விதி, 1977இல்தான் ஜெனீவா உடன்படிக்கைகளின் கூடுதல் நெறிமுறையில் சேர்ந்தது. காரிக்கண்ணனார் கேட்டது அதற்கு எவ்வளவோ முந்தியது. இதைச் சொல்லி நாம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை. அவர் அப்படிக் கேட்க நேர்ந்ததே நம் அரசர்கள் வெட்டியதால்தான்.

நம் மொழியில் இந்த மரபு அறுபடவும் இல்லை. அரண்களுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டதையும், உழவர் திரும்ப முடியாத வயல்களையும், தூர்ந்த கிணறுகளையும் ஈழத்துக் கவிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். சு. வில்வரத்தினத்தின் 'காற்றுவழிக் கிராமம்', மக்கள் பெயர்ந்துபோன ஊரில் காற்று மட்டும் உலவுவதைப் பாடுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் கபிலரின் சிறுகுளம் என் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள். உடைந்த கரை மட்டும் ஒன்றே.

கட்டுரையாளர் கலிங்கத்துப்பரணியைச் சிறப்பாக எடுத்துக் காட்டியிருந்தார். பேய்கள் களத்தில் கூழ் அட்டு உண்ணும் பகுதியின் கற்பனை வளத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் போட்டி மேடைகளிலும் பாடநூல்களிலும் நாம் தேர்ந்தெடுப்பதெல்லாம் பரணியின் களமும், மகனைப் போருக்கு அனுப்பும் தாயின் பாடலுமாகவே இருந்தால், பூவில்லாத தலையும் பாலில்லாத குழந்தையும் வெட்டுண்ட மரமும் நம் மாணவர்களின் காதுக்கு எட்டாமலே போய்விடும். வீரத்தைப் பாடிய அதே புலவர்கள்தான் இவற்றையும் பாடினார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை ஒதுக்குவது அவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

ஆகவே, போர்க் கவிதைகளைப் பற்றிய இந்தத் தொடர் மேலும் வருமானால், அடுத்த பகுதியில் புறநானூற்றின் 118ஆம் பாடலை முழுமையாக வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தே அடிகள்; ஒரு சிறு பெட்டிச் செய்திக்கான இடம் போதும். நீண்ட விளக்கமும் வேண்டாம். "தெண்ணீர்ச் சிறுகுளம் கீள்வது மாதோ" என்ற அடியில் வரும் 'கீள்வது' என்ற சொல்லுக்கு மட்டும், 'உடைகிறது' என்று அடியில் பொருள் கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்